அந்த ஒரு லேலண்ட் பஸ்ஸை மட்டும் ஏலத்தில் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய அரசுப் போக்குவரத்துக் கழக மேலாண் இயக்குநர் அவர்களுக்கும், தொழில்நுட்பப் பிரிவு அதிகாரிகளுக்கும், வணக்கம்.

எந்த வண்டியைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த டெப்போ, எந்தக் கழகம் என்று இங்கே எழுதவில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கும் பையன்களுக்கு என்னால் மெமோ வரக்கூடாது. கழிவு செய்த வண்டிகளின் புதிய ஏலப் பட்டியலைப் போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதன் கடைசி வரியில் பழைய லேலண்ட், பயிற்சி வண்டி, இயங்கா நிலை என்று இருக்கிறது. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு வண்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவை போகட்டும், அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை.

ஆனால் இந்த ‘இயங்கா நிலை’ என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் வயிறு எரிந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

டீசல் என்ஜினைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வரை அது எதையும் தாங்கும், சும்மா நிறுத்தி வைத்தால்தான் கெடும். டேங்கில் கிடக்கும் டீசல் பிசின் மாதிரி ஆகிவிடும், பம்ப் எலிமென்ட் ஒட்டிக்கொள்ளும், சிலிண்டர் லைனரில் துரு ஏறி பிஸ்டன் ரிங் பிடித்துக்கொள்ளும். இது தெரிந்ததால்தான் ஓய்வு பெற்ற ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளுமாக நாங்கள் சில பேர் சேர்ந்து வந்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட அனுமதி கேட்டோம். வெளியே எடுத்துப்போகக் கேட்கவில்லை, நின்ற இடத்திலேயே ஓடவிடத்தான் கேட்டோம். கழிவுக் கணக்கில் போன வண்டிக்கு டீசல் கணக்கு எழுத முடியாது என்றார்கள். சரி, டீசலை நாங்களே வாங்கி வருகிறோம் என்றோம். வெளி டீசல் பணிமனைக்குள் வரக்கூடாது, பாதுகாப்பு விதி இருக்கிறது என்றார்கள். பேட்டரி கேட்டோம், ஸ்டோரில் இருந்து தர வழியில்லை. எங்கள் பேட்டரியையே கொண்டுவருகிறோம் என்றால், கழகத்து வண்டியில் மாட்டியபின் அது யாருடைய சொத்து என்று ஆடிட்டில் கேள்வி வருமாம். இதையெல்லாம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

அப்புறம் எங்களில் மூத்த மெக்கானிக் ஒருவர் ஒரு காரியம் செய்தார். பெரிய ஸ்பானர் ஒன்றைத் துணிப்பையில் போட்டு எடுத்துப்போய், முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் மாட்டி, என்ஜினைக் கையாலேயே சுற்றிவிட்டு வருவார். ரிங் லைனரோடு பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேறு வழியில்லை. எழுபது வயதைத் தாண்டியவர், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், ஆறு சிலிண்டர் டீசலின் கம்ப்ரஷனை எதிர்த்து ஸ்பானரை இழுப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் மெக்கானிக்கல் படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், பிறகு எழுந்து இன்னொரு சுற்று. கேட்டில் இருந்த செக்யூரிட்டி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார், அவர் நன்றாக இருக்கட்டும். கொஞ்ச நாளில் அதற்கும் தடை வந்தது. ஓய்வு பெற்றவர்கள் பணிமனைக்குள் வர எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டுமாம். விடியற்காலை வண்டி எடுக்க ஆள் வரவில்லை என்றால் வீட்டுக்கே ஆள் அனுப்பி எங்களை எழுப்பிக் கூட்டிப்போன டெப்போ சார் அது, இப்போது உள்ளே போகப் பாஸ் கேட்கிறது.

ஸ்டார்ட் செய்யவும் விடவில்லை, கையால் சுற்றவும் விடவில்லை, இப்போது இயங்கா நிலை என்று எழுதிக் கிலோ கணக்கில் விற்கப் போகிறீர்கள். இயங்காமல் போனது யாரால் என்ற கேள்வியை மரியாதை கருதிக் கேட்காமல் விடுகிறேன்.

இந்த மடலைப் படிக்கும் வெளியாட்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணூரில் இருந்து வந்த சேசிஸ் அது. 370 என்ஜின், டர்போ கிடையாது, எலக்ட்ரானிக் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. டவுன் பஸ்ஸாக ஓடியது, பிறகு வழியில் பழுதாகி நிற்கும் பஸ்களுக்குப் போகும் பிரேக்டவுன் வண்டி ஆனது, கடைசியில் புதிதாக வரும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி வண்டியாக நின்றது. பெயிண்ட் உரிந்த இடத்தில், 1997-ல் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுப்பதற்கு முன்பு இருந்த பெயரின் எழுத்துகள் இன்னும் தெரிகின்றன. அந்தப் பெயரைச் சொன்னால் எந்த ஊர் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் விடுகிறேன்.

அந்த வண்டியில் கியர் மாற்றுவது இப்போதைய வண்டி மாதிரி கிடையாது. கியர் பற்களின் வேகத்தைத் தானே ஒத்துவைக்கும் சின்க்ரோமெஷ் இல்லை. மேட்டில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து என்ஜின் வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்சை மிதித்து இரண்டில் தள்ள வேண்டும், இத்தனையும் வண்டி மேட்டில் வேகம் இழந்து நிற்பதற்குள். எவ்வளவு ஏற்றுவது என்று மீட்டர் சொல்லாது, காதுதான் சொல்லும். சத்தம் சரியாக வந்தால் லிவர் தானாக உள்ளே போகும், தப்பினால் பல்லோடு பல் மோதி வருகிற கரகர சத்தத்துக்கு வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பி ஓட்டுநரைப் பார்ப்பார்கள், கண்டக்டர் உட்பட. கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையிலும், 40 வளைவு உள்ள வால்பாறைப் பாதையிலும் இந்த மாதிரி வண்டிகளைத்தான் ஏற்றி இறக்கினார்கள். இறக்கத்தில் பிரேக்கை நம்பினால் லைனிங் சூடாகிப் பிடிக்காமல் போகும் என்பதால் இரண்டாம் கியரில் என்ஜினையே பிரேக்காக வைத்து இறங்குவார்கள், அப்போது அந்த கியர்பாக்ஸ் போடும் ஓலம் அடுத்த வளைவில் நிற்பவனுக்குக் கேட்கும், ஹார்ன் அடிக்கவே வேண்டாம்.

பவர் ஸ்டீயரிங் இல்லாததால் நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப முடியாது, வண்டி கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் திருப்ப வேண்டும், நெரிசலான பஸ் ஸ்டாண்டில் இதுவே ஒரு கணக்கு. ஸ்டார்ட் ஆகிவிட்டால் என்ஜினுக்கு பேட்டரி தேவையில்லை. பம்ப் ஓடும் வரை அது ஓடும். பகலில் பேட்டரி செத்த வண்டியைப் பயணிகள் இறங்கித் தள்ளிவிட, பிறகு எங்கேயும் என்ஜினை அணைக்காமல் கடைசி சிங்கிள் (ஒருவழி நடை) வரை ஓட்டி டெப்போவில் சேர்த்தது எங்கள் காலத்தில் சாதாரணம். அணைக்கச் சாவியைத் திருப்பினால் போதாது, ஸ்டாப் நாபை இழுத்து டீசலை அடைக்க வேண்டும். புதிதாக வந்த பயிற்சிப் பையன்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி இன்னும் ஓடுகிறதே என்று முழிப்பார்கள்.

ஏக்கம் என்பதற்காகப் பொய் சொல்லக்கூடாது. என்ஜின் ஓட்டுநருக்கு இடது பக்கத்திலேயே இருக்கும், கோடையில் அந்தச் சூட்டில் தொடை வெந்துபோகும். எங்கள் ஆட்களில் பல பேருக்கு இடது காது மந்தம், இடது முழங்கால் கிளட்சுக்குப் போய்விட்டது. புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மார்கழியில் முதல் சிங்கிளில் மட்டும் என்ஜினை மூடியிருக்கும் அந்த பானட் மேல் உட்காரப் பூக்காரம்மாக்களுக்குள் சண்டையே நடக்கும், அவ்வளவு கதகதப்பு. மின்சாரப் பேருந்து வருகிறது, வரட்டும், சந்தோஷம், இன்றைய ஓட்டுநர்களின் காதும் காலும் பிழைக்கும். வழித்தடத்தில் மறுபடி ஓட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு வண்டியை, ஓடுகிற நிலையில், வைத்திருங்கள் என்கிறேன்.

சட்டம் இடம் தராது என்று சொல்வீர்கள், தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கக்கூடாது, அங்கீகரித்த உடைப்பு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஆனால் அதே விதியில் நாட்டுப் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உள்ள சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள் இல்லையா? விலக்கு எழுதத் தெரிந்தவர்களிடம் இன்னொரு விலக்கு கேட்கலாம், கேட்டால்தானே கிடைக்கும்.

இதைவிடப் பெரிய வேடிக்கை 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வாகன விதி. 50 வயதைத் தாண்டிய வண்டிக்கு விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட், கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ரோட்டில் எடுத்துப்போக அனுமதி. நல்ல விதிதான். ஆனால் இரண்டு சக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டும். பஸ் அந்த வகையிலேயே வராது. அதாவது, நம் லேலண்ட் வந்த அதே வருடத்தில் ஒரு மில் முதலாளி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோவிலுக்கு எடுத்துப்போன கார் இன்றைக்குப் பாரம்பரியச் சின்னம். தினமும் கூட்டத்தைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வந்த பஸ் பழைய இரும்பு.

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டி, 1955-ல் லேலண்ட் பெயரையும் சேர்த்துக்கொண்டது. அதற்கும் முன்னால் 1912-ல் டி.வி.எஸ். பஸ் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே பஸ் ஓட்டித்தான் தொழிலைத் தொடங்கினார், இன்றைக்குக் கோவையில் அவர் பெயரில் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பஸ்ஸால் வளர்ந்த மாநிலம் இது, பஸ்ஸுக்கென்று ஒரு கூரை இல்லை. ரயில்வேக்காரர்களைப் பாருங்கள், 1855-ல் செய்த நீராவி என்ஜினை பெரம்பூர் பணிமனையில் வைத்துப் பழுதுபார்த்து 2010-ல் மறுபடி தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார்கள். மும்பையில் டவுன் பஸ் ஓட்டும் பெஸ்ட் நிறுவனம் ஆனிக் டெப்போவில் அருங்காட்சியகமே வைத்திருக்கிறது. பக்கத்தில் கேரளத்தில், கழித்த பஸ்களைக்கூட மூணாறில் சுற்றுலா வருகிறவர்கள் படுத்துத் தூங்குகிற அறையாக மாற்றிக் காசு பார்க்கிறார்கள். நாமோ உண்மையான வண்டியை கேஸ் கட்டரால் அறுத்துவிட்டு, நாளைக்கே புதிய பஸ் நிலைய வாசலில் ஃபைபரில் ஒரு பழைய பஸ் பொம்மை செய்து செல்ஃபி எடுக்க வைப்போம், அதற்கு ஒரு டெண்டர், திறப்பு விழா, பெயர்க் கல்வெட்டு. அந்தப் பொம்மைக்கு ஆகிற செலவில் நம் வண்டிக்கு நாசில், பம்ப், லைனிங், ஆறு டயர் எல்லாம் போட்டு மிச்சம் பிடிக்கலாம்.

வருடக்கணக்காக ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு மெமோ கொடுத்தீர்கள். ஒரு சொட்டு டீசலை வீணாக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கழகம், ஒரு முழு என்ஜினை வீணாக்கும்போது யார் யாருக்கு மெமோ கொடுப்பது? ஓய்வூதியர்களின் அகவிலைப்படியைப் பற்றி இந்த மடலில் எழுத மாட்டேன், அதற்குத் தனி மடல் வேண்டும், அதில் இவ்வளவு மரியாதையும் இருக்காது.

கோபத்தில் தடம் மாறிவிட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததை ஒழுங்காகக் கேட்டுவிடுகிறேன். தயவுசெய்து அந்த ஒரு வண்டியை இந்த ஏலப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைக் காட்சிக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ள விலக்கு கேட்டுத் துறை வழியாக டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அப்படியே 50 வயதுக்கு மேற்பட்ட பஸ்களையும் அந்தப் பழம்பெரும் வாகன விதியில் சேர்க்கச் சொல்லி ஒரு வரி எழுதினால் மற்ற மாநிலத்துக்காரர்களும் உங்களை வாழ்த்துவார்கள். பதில் வரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும், எங்களைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை உள்ளே விடுங்கள். பம்பைக் கழற்றிக் கொடுத்தால் சரிபார்த்துத் தர ஆள் இருக்கிறார். டீசல் எங்கள் செலவு. பேட்டரியை உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நன்கொடை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறோம், ஆடிட் கேள்வியும் வராது. வண்டி ஓட ஆரம்பித்த பிறகு, விருப்பமிருந்தால், புதிதாக வேலைக்கு வரும் ஓட்டுநர்களை ஒரு நாள் அதில் ஏற்றி யார்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள், சொல்லிக்கொடுக்க எங்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

ஏலத் தேதிக்கு முன்பு பதில் எதிர்பார்க்கிறோம். ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பதில் எங்களிடம் ஏற்கனவே சில இருக்கின்றன, அதனால் இந்த முறை முடியும் அல்லது முடியாது என்று எழுதினால் போதும். உள்ளே வர அனுமதி கேட்டு எங்கள் பெயர்களையும் பணி எண்களையும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். ஃபைலில் காணவில்லை என்றால் சொல்லுங்கள், இன்னொரு நகல் கொண்டுவந்து கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓட்டுநர்களில் ஒருவன்