இரண்டாம் பருவம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியை எழுதும் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டு மாலையில் அழைத்துச் செல்லும் தாத்தா, ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் பாதியைத் தாண்டிவிட்டது. விஜயதசமியன்று நெல்லில் 'அ' எழுதிச் சேர்ந்த பிள்ளைகள் இப்போது அழாமல் வகுப்புக்கு வருகிறார்கள். குழந்தைகள் தின விழா நல்லபடியாக நடந்தது. ஓவியத்திலும் திருக்குறள் ஒப்பித்தலிலும் பலர் பரிசு வாங்கினார்கள். பெரிய வகுப்புகளில் வாசிப்பு முன்னேறியிருக்கிறது. வாய்ப்பாடு இன்னும் முன்னேற வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கை கழுவப் புதிதாகக் குழாய்கள் போட்டிருக்கிறோம். உழைத்த ஆசிரியைகளுக்கும் உதவிய உங்களுக்கும் நன்றி.

குழாய்களைப் பற்றிச் சொன்ன கையோடு, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஐப்பசி மழை இறங்கியதிலிருந்து ப்ரீ-கே.ஜி., எல்.கே.ஜி. வகுப்புகளில் மூக்கொழுகாத பிள்ளையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. இதில் யார்மீதும் குற்றமில்லை. சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றுக்கு உடம்பு பழகுவதற்குள் இன்னொன்று வந்து நிற்கிறது. தலைக்கு ஊற்றியதாலோ, இளநீர் குடித்ததாலோ, வகுப்பில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்ததாலோ சளி பிடிப்பதில்லை. மின்விசிறியைப் பற்றி உங்களில் சிலர் என்னிடம் வருத்தப்பட்டதால் இதைச் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் மூக்கிலிருந்து கைக்கும், கையிலிருந்து மரச்சொப்புக்கும், சொப்பிலிருந்து அடுத்த பிள்ளையின் கைக்கும், அந்தக் கையிலிருந்து அதன் மூக்குக்கும் கண்ணுக்கும் சளி வைரஸ் போகிறது. இருமலிலும் தும்மலிலும் பரவுகிறது. முதல் இரண்டு மூன்று நாள்தான் மிக அதிகமாகப் பரவும் காலம்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இரண்டரை வயதுப் பெண்பிள்ளை. காலையில் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். பதினொரு மணிக்குத் தின்பண்ட டப்பாவைத் திறக்காமல் பாயில் சுருண்டு படுத்துவிட்டாள். தெர்மாமீட்டர் வைத்தால் 102 டிகிரி. அவள் பையின் பக்கவாட்டில் ஒரு சிரப் பாட்டிலும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. "12 மணிக்கு ஒரு மூடி கொடுக்கவும்" என்று எழுதியிருந்தது. வீட்டில் காலை ஏழு மணிக்கே ஒரு வேளை மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்தின் வேகம் தணிந்ததும் காய்ச்சல் திரும்பிவிட்டது. அம்மா, சுற்றிய பீடியைக் கொடுக்கப் பீடிக்கடையில் வரிசையில் நின்றிருந்தார். கைப்பேசி மணி கேட்கவில்லை. அவர் மூச்சிரைக்க ஓடி வரும்வரை ஒன்றரை மணி நேரம் வகுப்பாசிரியையின் தோளில்தான் அந்தப் பிள்ளை கிடந்தாள். அந்த வாரக் கடைசியில் அந்த வகுப்பில் பாதிப் பாய்கள் விரிக்கப்படவில்லை.

அந்த அம்மாவை நான் கடிந்துகொள்ளவில்லை. நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் இரவு பத்து மணிக்கும் அம்மாவின் மடியில் பீடித்தட்டு இருக்கிறது. அன்றைய எண்ணிக்கை குறைந்தால் அன்றைய கூலி குறையும். பாய் நெய்கிறவர்களுக்கும், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்களுக்கும், திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி அலுவலகம் போகிறவர்களுக்கும் இதே கதைதான். விடுப்பு என்பது எல்லோருக்கும் கிடைத்துவிடும் பொருள் இல்லை என்பதை அறிவேன்.

ஆனாலும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ச்சலை மருந்தால் அமுக்கிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதை இனி ஏற்க முடியாது. காலையில் வாசலிலேயே ஆசிரியைகள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் பிள்ளையை வகுப்புக்குள் விடமாட்டோம். பையில் வரும் எந்த மருந்தையும் நாங்கள் கொடுக்கவும் மாட்டோம். "ஒரு மூடி" என்பது அளவே இல்லை. பேச முடியாத வயதில் இருக்கும் பிள்ளை தனக்குத் தலை வலிக்கிறது, காது வலிக்கிறது என்று யாரிடம் சொல்லும்? அம்மாவின் மடியில் கிடக்க வேண்டிய நாளில் முப்பது பேர் சத்தத்துக்கு நடுவே அது உட்கார்ந்திருக்கக் கூடாது.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. ஆண்டு விழாவில் ஒருநாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு "முழு வருகைப் பரிசு" கொடுத்துவந்தோம். அந்தக் கோப்பைக்காகவே சளியோடும் காய்ச்சலோடும் பிள்ளைகள் வந்தார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. யு.கே.ஜி. வரை அந்தப் பரிசை இந்த ஆண்டோடு நிறுத்திவிட்டோம். பரிசை எதிர்பார்த்து ஏற்கெனவே நாள்களை எண்ணி வைத்திருந்த வீடுகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன செய்வது? சென்ற கூட்டத்தில் பலர் கேட்டது இதைத்தான். குழந்தை மருத்துவர்களிடம் நான் பல ஆண்டுகளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்ததில் கண்டதையும் சொல்கிறேன்.

சளியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஏழு முதல் பத்து நாளில் அது தானே போகும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். நம் வேலையெல்லாம் பிள்ளை மூச்சுவிடவும், குடிக்கவும், தூங்கவும் உதவுவதுதான். இந்த வயதில் மூக்கைச் சிந்தத் தெரியாது. மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. குடிக்க முடியாததால் அழும். அழுதால் இன்னும் அடைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை, சாப்பிடுவதற்கும் தூங்குவதற்கும் சற்று முன்னால் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விட்டு, இளகி வருவதை மெல்லிய துணியால் துடைத்தெடுங்கள். பழைய மெல்லிய வேட்டியைக் கிழித்த துணிதான் இதற்கு எப்போதும் சிறந்தது. கடைக் கைக்குட்டை மூக்கின் கீழ்ப் பகுதியைப் புண்ணாக்கிவிடும். துடைத்த இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மூக்கின் வெளியே மட்டும்.

உள்ளே எண்ணெய் விடாதீர்கள். ஆச்சிமார்கள் இந்த இடத்தில் என்மேல் வருத்தப்படக் கூடாது. தலைக்கு ஊற்றியபின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வாயால் ஊதுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம், எனக்கும் செய்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியே வராது. கடுமையான நிமோனியாவில் கொண்டுபோய் விடும். காதில் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும், கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கருகில் தடவுவதும் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து. கற்பூரம் உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரக்கூடும். வேது பிடிக்கிறேன் என்று கொதிக்கும் பானைக்கு அருகில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். திமிறும் பிள்ளை ஒரு நொடியில் தட்டிவிடும். வெந்நீர்க் காயத்தோடு மருத்துவமனைக்குப் போன பிள்ளையைப் பார்த்தவள் நான். சாம்பிராணிப் புகையும், பீடி சிகரெட் புகையும் அடைத்த மூக்கை மேலும் அடைக்கும். பீடி சுற்றும் வீடுகளில் பிள்ளை தூங்கும் அறைக்கு வெளியே தட்டை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தூக்கும் முன் புகையிலைத் தூள் ஒட்டிய கையைக் கழுவி, மேல்துணியை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆச்சிமார்களின் அடுப்பு மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. காரம் குறைத்துப் பூண்டு தட்டிப் போட்ட ரசத்தில் குழைத்த சோறு, இட்லி, பாசிப்பருப்புக் கஞ்சி, வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு வேளைக்கு நான்கு வாய் இறங்கினால் போதும். விரட்டி விரட்டி ஊட்டினால் சளியோடு சேர்த்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிடும். சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பாதகமில்லை, தண்ணீர் குறையக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அதையே அடிக்கடி கொடுங்கள். ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கு இரவில் இருமல் தூங்கவிடாமல் செய்தால் அரைத் தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் தம்பி தங்கைக்கு நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அந்த வயதில் தேனிலிருந்து நச்சுநோய் வரக்கூடும்.

இனி மருந்து. சளி, இருமல் சிரப்புகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூத்த பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததில் மிச்சம் இருப்பதையும் கொடுக்காதீர்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு வகைச் சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த மருந்து நம் மாநிலத்தில் தயாரானது. அதையொட்டி மத்திய அரசு அனுப்பிய அறிவுறுத்தல், இரண்டு வயதுக்குள் சளி இருமல் மருந்துகளை எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்கிறது. நம் வகுப்புகளில் பாதிப்பேர் அந்த வயதுக்காரர்கள். ஆன்டிபயாட்டிக் வைரஸ் மேல் வேலை செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதற்காக மட்டும் அதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

காய்ச்சலுக்கு மருத்துவர் பாராசிட்டமால் எழுதினால், பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று கேட்டு அந்தப் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரே பெயரில் இருந்தாலும் ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250 இருக்கும். சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 இருக்கும். சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்துக் கரண்டியில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இது டெங்கு பரவும் காலமும்கூட. ஆகவே ஆஸ்பிரினோ இபுப்ரூஃபனோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கை எல்லா அம்மா அப்பாவும் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது என்றால் நல்லது, சட்டையை விலக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வெறும் சளி இல்லை. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், எதையும் குடிக்க மறுத்தாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், எழுப்பினால் எழாமல் துவண்டாலும், வலிப்பு வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை இரவிலும் திறந்தே இருக்கிறது.

இத்தனையும் அம்மாவின் வேலை என்று அப்பாக்கள் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நாங்களும் பழக்கத்தால் முதலில் அம்மாவின் எண்ணைத்தான் அழுத்துகிறோம். இனி இருவர் எண்ணையும் மாறி மாறி அழைப்போம். ஒருநாள் அம்மா, ஒருநாள் அப்பா என்று விடுப்பைப் பங்கிட்டால் யாருக்கும் முழுச் சுமை விழாது. எழுபது வயது ஆச்சியிடம் காய்ச்சல் பிள்ளையை விட்டுப் போகும்போது அவருக்கும் அது தொற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, ஓரளவு சாப்பிட்டு விளையாடவும் தொடங்கிவிட்டால், மூக்கு லேசாக ஒழுகினாலும் இருமல் மிச்சம் இருந்தாலும் தயங்காமல் அனுப்புங்கள். அந்த இருமலுக்காக யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.

சென்ற வாரம் ஓர் அப்பா காலை எட்டு மணிக்கு அழைத்து, "டீச்சர், ராத்திரி காய்ச்சல் அடித்தது, இன்று நானே வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னார். மூன்றாம் நாள் அவர் மகன் துள்ளிக்கொண்டு வந்தான். அந்த வகுப்பில் வேறு யாருக்கும் சளி பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்கும், கூலியை விட்டுக்கொடுத்துப் பிள்ளையோடு இருந்த ஒவ்வொரு அம்மாவுக்கும், தோளில் பிள்ளையைச் சுமந்தபடியே பாடம் நடத்திய எங்கள் ஆசிரியைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

சின்ன வகுப்புகளுக்கு விடுப்புக் கடிதம் தேவையில்லை. எட்டரை மணிக்குள் ஓர் அழைப்பு போதும். விடுபட்ட பாடலையும் படத்தையும் மாலையில் உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறோம். அரையாண்டுத் தேர்வு அட்டவணை அடுத்த வாரம் பையில் வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியை