பனிமூட்டத்தின் மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு விளக்கையும் ஹீட்டரையும் தானாக இயங்க வைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஜிக்பீ யுஎஸ்பி ஸ்டிக் ஒன்றை வாங்கிச் செருகினால் போதும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். ஜிக்பீ என்பது வீட்டுக் கருவிகள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை; அந்தப் பேச்சைக் கணினிக்குக் கொண்டுவருவதுதான் இந்த ஸ்டிக். அந்த ஒரு வரியில் நான் எட்டு மாதம் அல்லாடியிருக்கிறேன்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கரண்ட் பழகிய கை. ரேடியோ அலைதான் புதிது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ராத்திரியில் கரடி வரும். குளியலறைக்கு முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஏதாவது அசைந்தால் விளக்கு எரிந்து, படுக்கையறையில் மணியும் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் தேவை. மகன் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டான். ஸ்டிக் மட்டும் நானே வாங்கினேன்.

முற்றத்தில் அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார் இரண்டு நாள் பேசும், மூன்றாம் நாள் காணாமல் போகும். விற்றவரைக் கேட்டால், "மிஸ்ட் இறங்கினா மலையில சிக்னல் நிக்காது சார், பவர் ஜாஸ்தியான ஸ்டிக் வாங்குங்க" என்றார். நம்பினேன். ஆனால் பளிச்சென்று வெயில் அடித்த ஜனவரியிலும் அதே கதை. அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். ஜிக்பீ ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, ஒரு வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில், பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்லை. தவறு நான் செருகிய இடத்தில் இருந்தது. ராஸ்பெர்ரி பை 4-ல் நீல போர்ட் இரண்டு, கறுப்பு போர்ட் இரண்டு. நீலம் யுஎஸ்பி 3. அதில் தகவல் ஓடும்போது கிளம்பும் இரைச்சல் அதே 2.4 அலைவரிசையில் வந்து விழும். இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறது. நான் ஒரு நீல போர்ட்டில் எஸ்எஸ்டி டிஸ்க்கையும் அதை ஒட்டிய இன்னொன்றில் ஸ்டிக்கையும் செருகி வைத்திருந்தேன். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, கறுப்பு போர்ட்டில் மாட்டி, ஸ்டிக்கைத் தள்ளித் தொங்கவிட்டேன். கோளாறு பாதி தீர்ந்தது. மீதிப் பாதி எங்கள் ஒன்றரை அடிக் கருங்கல் சுவர். நடைபாதையில் ஒரு ஜிக்பீ பிளக்கை மாட்டியதும் அதுவும் தீர்ந்தது. மின்சாரத்தில் ஓடும் பிளக் அடுத்த கருவியின் சிக்னலை வாங்கிக் கடத்தும். பேட்டரியில் ஓடும் சென்சார் அதைச் செய்யாது. இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

வாங்கும்போது பெட்டியைப் பார்த்து ஏமாறக் கூடாது. பெயரின் கடைசி எழுத்து மட்டும் மாறும் இரண்டு ஸ்டிக்குகள் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சிசி2652பி சிப், மற்றதில் சிலிக்கான் லேப்ஸின் இஎஃப்ஆர்32எம்ஜி21. இரண்டுமே நல்லவைதான். ஆனால் ஒன்றின் ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள், மற்றதற்கு ஆகாது. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் ஆசையாக ஒரு இசட்-வேவ் ஸ்டிக் கொண்டுவந்தார். அது ஜிக்பீ போலவே இன்னொரு ரேடியோ முறை. அங்கே அது 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865. அலமாரியில் கிடக்கிறது, பாவம். ஜிக்பீக்கு அந்தத் தொல்லை இல்லை, 2.4 எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இனி என் மடத்தனம். ஸ்டிக் அவ்வப்போது உறைந்து நின்றதால், ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். வெளியே தென்மேற்குப் பருவமழை, காற்று. பாதியில் கரண்ட் போயிற்று. 31 வருடம் கரண்டோடு இருந்தவன், யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொட்டேன்! விடிந்து பார்த்தால் ஸ்டிக்கில் உயிர் இல்லை. மகன் போனில் சொன்னபடி, ஸ்டிக்கில் உள்ள பூட் பட்டனை அழுத்திக்கொண்டே லேப்டாப்பில் செருகி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினேன். பிழைத்தது. முதலிலேயே லேப்டாப்பில் செய்திருந்தால் அதன் பேட்டரியே காப்பாற்றியிருக்கும். அதைவிடப் பெரிய தவறு, பேக்கப் எடுக்காதது. எல்லாக் கருவிகளையும் கட்டி வைத்திருக்கும் நெட்வொர்க் சாவி அந்த ஸ்டிக்கில்தான் இருந்தது. அது அழிந்ததால் 19 கருவிகளை ஒவ்வொன்றாக மறுபடி இணைத்தேன். அதில் இரண்டு கூரை விளிம்பில். முழங்கால் வலியோடு ஏணி ஏறினால் வீட்டுக்காரி என்ன சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒழுங்காக ஓடும் ஸ்டிக்கைப் புதுப்பிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. கோளாறு இருந்து, புதிய பதிப்பு அதைத் தீர்க்கிறது என்று குறிப்பில் எழுதியிருந்தால் மட்டும் தொடலாம், அதுவும் பேக்கப் எடுத்த பிறகு.

உங்கள் கட்டுரையாளரிடம் இந்த இரண்டாம் பாதியையும் எழுதச் சொல்லுங்கள். விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சிப்பின் பெயரையும் அலைவரிசையையும் பெட்டியின் முன்பக்கத்திலேயே, கண்ணாடி போட்டவனும் படிக்கும் அளவில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்,
கோத்தகிரி