அலுமினிய ரேடியேட்டரும் போர்வெல் தண்ணீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ரேடியேட்டரை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். செம்பும் பித்தளையுமாக இருந்த பழைய ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, அலுமினியத்தில் செய்த பெரியதைப் பொருத்தும் முறை அதில் தெளிவாகவே விளக்கப்பட்டிருந்தது. ஆனால் கடைசியில், குழாய்த் தண்ணீரை நிரப்பி வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. எங்கள் செட்டிநாட்டில் அந்த ஒரு வரியை நம்பினால், செலவழித்து வாங்கிய ரேடியேட்டர் சில ஆண்டுகளிலேயே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் என்பதை அனுபவித்து அறிந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டின் எம்ஜிபி என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இருவர் அமரக்கூடிய, துணிக் கூரையை மடக்கிவிடக்கூடிய வண்டி; 1798 சிசி என்ஜின். அப்பச்சி சென்னையில் வாங்கி ஆசையாக வைத்திருந்து, பிறகு பல ஆண்டுகள் பள்ளத்தூர் வீட்டின் கார் ஷெட்டில் தூசி படிந்து நின்றது. நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின் அதை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவந்தபோது, சித்திரை வெயிலில் திருமயம் தாண்டுவதற்குள் சூட்டுமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. எனவே நானும் கட்டுரையாளரைப் போலவே அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வரவழைத்துப் பொருத்தினேன். நிரப்பியது எங்கள் கிணற்றடிப் போர்வெல்லின் உப்புத் தண்ணீர். இரண்டு ஆண்டு முடிவதற்குள் ஒரு காலையில் வண்டியின் அடியில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. குனிந்து பார்த்தபோது ரேடியேட்டரின் கீழ் மூலையில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதை நகத்தால் சுரண்டியதும் ஊசிமுனைத் துளையிலிருந்து நீர் முத்தாகத் திரண்டு நின்றது.

காரணம் விளங்காத ஒன்றல்ல. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே படரும் மெல்லிய ஆக்சைடு ஏடுதான் அதற்குக் கவசம். நீரில் உள்ள குளோரைடு உப்பு அந்த ஏட்டை ஆங்காங்கே உடைத்து, உடைத்த இடத்திலேயே ஆழமாகக் குடைகிறது. போதாக்குறைக்கு, பழைய வண்டியின் குளிர்விப்பு வழியில் வார்ப்பிரும்பு, செம்பு, பித்தளை என்று பல உலோகங்கள் ஒரே நீரில் நனைந்துகொண்டிருப்பதால், உப்பு நீர் நடுவே ஓட, அது ஒரு மின்கலத்தைப் போல வேலை செய்து இருப்பதில் எளிதில் வினைபுரியும் உலோகமான அலுமினியத்தை முதலில் தின்கிறது. உலோக அரிப்பை ஆராய்வதையும் தன் பணிகளில் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. அதன் மதில் ஓரமாக வாரம் இருமுறை வண்டி ஓட்டிப் போகிற நான், ரேடியேட்டரில் உப்புத் தண்ணீரை ஊற்றினேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

குடிப்பதற்கு நல்ல தண்ணீர் ரேடியேட்டருக்கும் நல்லதுதானே என்று பலர் கேட்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையின்படி ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் ஏற்கத்தக்கவை. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 2000 மில்லிகிராம் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் ருசிக்குப் பேர்போனதுதான். ஆனால் தண்ணீருக்கு ருசி தருவதே அதில் கரைந்திருக்கும் தாதுக்கள் என்பதை மறக்கக்கூடாது. ரேடியேட்டருக்கு வேண்டியது ருசியே இல்லாத, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். அத்துடன் அரிப்புத் தடுப்பான் கலந்த கூலண்ட் என்னும் குளிர்விப்புத் திரவத்தையும் டப்பாவில் சொல்லியுள்ள விகிதத்தில் சேர்க்க வேண்டும். இங்கே பனி உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்பவர்கள், உறையாமல் காப்பது அதன் பாதி வேலைதான் என்பதை உணர்வதில்லை. அதே சமயம் அளவுக்கு மீறி ஊற்றுவதிலும் பயனில்லை. பாதிக்குப் பாதி கலந்த நீர், எடைக்கு எடை பார்த்தால், வெறும் தண்ணீரைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும்.

அலுமினியம் செம்பைவிட நன்றாக வெப்பம் கடத்தும் என்று கட்டுரையில் வந்திருந்ததும் திருத்தத்திற்குரியது. கடத்துவதில் செம்பே முந்தி நிற்கிறது. அலுமினியத்தின் திறன் அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். இருந்தும் அலுமினிய ரேடியேட்டர் நன்றாகக் குளிர்விக்கிறது என்றால், அதன் குழாய்களை அகலமாக, ஓர் அங்குலம் வரைகூடச் செய்ய முடிகிறது என்பதும், குழாயும் தகடும் ஈயப்பற்று இல்லாமல் ஒன்றாகவே உருகிச் சேர்கின்றன என்பதுமே காரணம். எடை குறைவு என்பது கூடுதல் லாபம்.

இன்னொன்று, மாற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது. கடைவீதியில் ஊர்ந்து போகும்போது மட்டும் சூடு ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டால், குறை ரேடியேட்டரில் இல்லை. ஃபேனிலோ, அதைச் சுற்றியுள்ள கூட்டிலோ இருக்கிறது. வேகமாகப் போகப் போகச் சூடு ஏறினால்தான் குழாய் அடைப்பையோ, ரேடியேட்டரின் கொள்ளளவையோ சந்தேகிக்க வேண்டும். என் வண்டியில் உண்மையான குற்றவாளி என்ஜின் பிளாக்கின் பின்மூலையில் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த துருச்சேறு என்பது இரண்டாம் முறை கழற்றியபோதுதான் தெரிந்தது. பிளாக்கின் வடிகுழாயைத் திறந்தும் ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியபிறகு காப்பிக் கஷாயம் போல ஒழுகியது. முதலிலேயே அதைக் கழுவியிருந்தால், பழைய ரேடியேட்டரை ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துக் குழாய் அடைப்பை நீக்கி, ஈயம் பற்றவைத்தே சமாளித்திருக்கலாம் என்பது என் எண்ணம். என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள் என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் வைத்தியத்தைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

மின்சார ஃபேன் பொருத்துகிறவர்களுக்கு ஒரு சொல். 1967 வரை வந்த எம்ஜிபி வண்டிகளில், இன்றைய வண்டிகளைப் போல நெகட்டிவ் முனை அல்ல, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். இதை அறிந்திருந்தும், பழக்கதோஷத்தில் கறுப்பு வயரைப் பாடியிலும் சிவப்பு வயரைச் சுவிட்சிலும் கொடுத்துவிட்டேன். ஃபேன் கம்பீரமாகச் சுழன்றது. முன்னால் கைக்குட்டையைப் பிடித்தபோது, அது உள்ளே இழுபடாமல் வெளியே பறந்தது. எதிர்க்காற்றோடு ஃபேன் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மேலும், அந்த வண்டியின் டைனமோ கொடுப்பதே 22 ஆம்பியர்தான். ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்து எரிந்தால் நின்ற இடத்தில் பேட்டரி இறங்கும். நான் என்ஜினோடு சுழலும் பழைய ஃபேனுக்கே திரும்பிவிட்டேன்.

ரேடியேட்டரின் மூடி சிறியதாக இருப்பதால் அலட்சியப்படுத்துகிறார்கள். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயரும் என்பது உண்மைதான். அதற்காக, 7 என்று பொறித்த பழைய மூடி இருந்த இடத்தில் 15 என்று பொறித்ததைப் போட்டால், அறுபது வயதான ஹோஸும் ஹீட்டரும் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தார், நன்றி.

அவர் சொல்லாமல் விட்டது, வடித்த பழைய நீரை என்ன செய்வது என்பது. எங்கள் ஊர்களில் வீதியில் விழும் மழைநீர் கால்வாய் வழியாக ஊரணிக்குப் போய்ச் சேரும்படி முன்னோர் அமைத்து வைத்திருக்கிறார்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பானது. நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். பழைய ரேடியேட்டராக இருந்தால் ஈயமும் கரைந்திருக்கும். நான் வடித்தபோது தட்டு நிரம்பி, அந்தப் பச்சை நீர் முகப்பின் ஆத்தங்குடிக் கல்லில் வழிந்துவிட்டது. வீட்டில் ஆச்சி, கல்லின் நிறம் போய்விடும் என்று என்னைக் கடிந்துகொண்டார். நானோ கன்றுக்குட்டி வந்து வாய் வைத்துவிடுமோ என்று அஞ்சி, மணலைப் போட்டு ஒற்றி எடுத்து, அள்ளிப் பூட்டி வைத்தேன்.

எனவே, குழாய்த் தண்ணீர் பற்றிய அந்த வரிக்குத் தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், வீட்டில் வண்டி வேலை செய்கிறவர்கள் பழைய கூலண்டை எங்கே ஒப்படைக்கலாம் என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் மாவட்ட அலுவலர்களிடம் விசாரித்து வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். என் கார் ஷெட்டில் மூடி போட்ட கேனில் ஐந்து லிட்டருக்கு மேல் காத்திருக்கிறது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
பள்ளத்தூர்.