மெஷின் கன் தடை நீங்குமா? டெக்சாஸிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

அப்புறம், இங்கே மெஷின் கன்னை ஆளாளுக்கு வாங்க விடப் போகிறார்களாமே என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு நடக்காதுடா. இத்தனைக்கும் இன்றைக்குக்கூட முழுத் தடை கிடையாது. 1934 சட்டப்படி பதிவு செய்து 200 டாலர் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான் இருந்தது. 1986-ல் அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டத்தில், வில்லியம் ஹியூஸ் என்ற நியூ ஜெர்சி எம்.பி. ஒரு திருத்தத்தைச் செருகிவிட்டார், அந்த வருஷம் மே 19-க்கு முன்னால் பதிவானது மட்டும்தான் பொதுமக்களிடையே கைமாறலாம் என்று. அந்தச் சட்டமே துப்பாக்கிக்காரர்களுக்குச் சலுகை தர வந்ததுதான், போ!

புதுச் சரக்கு வராததால் விலை எகிறிவிட்டது. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய எம்16 ராணுவத் துப்பாக்கியைப் பார்த்தேன், சாயம் போய், பிடி தேய்ந்து, விலைச்சீட்டில் முப்பதாயிரம் டாலருக்கு மேல். அதை வாங்கிப் பூட்டி வைத்திருப்பவன் தடை நீங்க வேண்டும் என்று மனசார நினைப்பானா? எனக்குச் சந்தேகம்தான்.

கோர்ட்டை நம்பியிருப்பவர்கள் நிறைய. 2024-ல் கான்சாஸில் மெஷின் கன் வைத்திருந்ததாக ஒருவன் மேல் போட்ட வழக்கை ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார், அரசு அப்பீலுக்குப் போனது. அதே வருஷம், சாதாரணத் துப்பாக்கியை மெஷின் கன் மாதிரி படபடவென்று சுட வைக்கிற 'பம்ப் ஸ்டாக்' என்ற கருவிக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இங்கே பலர் குதித்தார்கள், ஆனால் அந்தக் கருவி சட்டம் சொல்லும் மெஷின் கன் ஆகாது என்றுதான் தீர்ப்பு, சட்டத்தில் கையே வைக்கவில்லை. பெரிய முட்டுக்கட்டை, ஆயுத உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்ன ஹெல்லர் தீர்ப்புதான்: பரவலாகப் புழங்கும் ஆயுதத்துக்குத்தான் அரசியல் சட்டப் பாதுகாப்பாம். தடை செய்ததால் புழக்கத்தில் இல்லை, புழக்கத்தில் இல்லாததால் தடை செல்லும். நல்ல நியாயம்!

நாடாளுமன்றம் என்றால் மேலவையான செனட்டில் நூற்றுக்கு 60 ஓட்டு வேண்டும். 2025-ல் குடியரசுக் கட்சி வரி மசோதாவில் சுடும் சத்தத்தை அடக்குகிற சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிக்கும் 200 டாலர் வரியைப் பூஜ்யமாக்கினார்கள், மெஷின் கன்னுக்கு அப்படியே விட்டுவிட்டார்கள். கைத்துப்பாக்கியின் பின்பக்கம் மாட்டினால் ஒரே அழுத்தில் மொத்தத் தோட்டாவையும் கொட்டுகிற சுண்டுவிரல் அளவு 'ஸ்விட்ச்' ஊருக்கு ஊர் பிடிபடுகிற நேரத்தில், எந்த எம்.பி. துணிந்து இதற்குக் கை தூக்குவான்?

பொங்கலுக்கு ஊருக்கு வரப் பார்க்கிறேன். டிக்கெட் போட்டதும் சொல்கிறேன்.

உன்,
செல்வம்