கேரக்டர் உருவாக்குவது வீண் வேலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இளையர் பக்கத்தில் மேசை விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘சிலர் விளையாடுவதைவிட, கேரக்டர் தயாரிப்பதிலேயே மணிக்கணக்கில் நேரத்தை வீணாக்குகிறார்கள்’ என்று அதில் ஒரு வரி. அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. கேரக்டர் என்றால் ஆட்டத்தில் நாம் ஏற்று நடிக்கும் கற்பனை ஆள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

எழுதியவர் ஒரே ஒரு கேரக்டரையாவது உட்கார்ந்து உருவாக்கிப் பார்த்தாரா? ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிக் கூடிக் கதை சொல்லி விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல் வெளிவந்தது. அன்று முதல் இன்று வரை அதில் ஆறு குணங்கள்தான்: வலிமை, லாவகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம். பகடை உருட்டியும் எண்களைப் பெறலாம். எங்கள் குழுவில் 27 புள்ளிகளை வைத்துக்கொண்டு வாங்குவோம். எல்லாக் குணமும் 8ல் தொடங்கும். ஒன்றை 15க்கு ஏற்ற 9 புள்ளி போய்விடும். மூன்றை 15 ஆக்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது, மற்ற மூன்றும் 8லேயே கிடக்கும். ஒருத்தியை எதில் கெட்டிக்காரியாக்குவது என்று சொல்வது சுலபம். எதை அவளுக்குக் கொடுக்காமல் விடுவது என்று யோசிக்கும்போதுதான் அவள் யாரென்று பிடிபடும்.

என் அக்கா மகளுக்கு 14 வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். ஒரு சனிக்கிழமை அவளை எங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். மந்திரவாதி ஒருத்தியை உருவாக்கினாள். அறிவுக்கு 15 கொடுத்தாள், விவேகத்தை மட்டும் 8லேயே விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “சித்தி, அவ பாட்டி மாதிரி. யார் என்ன சொன்னாலும் நம்பிடுவா” என்றாள். ஆட்டத்தில் எதிராளி பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்க விவேகம்தான் வேண்டும், அதனால் அவள் சொன்னது விதிப்படியும் சரி. அப்புறம் அந்த மந்திரவாதிக்குச் சொந்த ஊர், வளர்த்த அத்தை, வீட்டைவிட்டு ஓடிவந்த காரணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள், பாதிக்கு மேல் தமிழில். எந்தத் துணைப்பாட வகுப்பிலும் அவள் அவ்வளவு நேரம் தமிழ் பேசி நான் பார்த்ததில்லை. இதையா வீண் என்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். 1977ல் வந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டில் கேரக்டரை உருவாக்குவதே ஓர் ஆட்டம். ஆட்டத்துக்கு முன் அந்தக் கேரக்டர் பணியில் கழித்த காலத்தை, நான்கு நான்கு ஆண்டுத் தவணைகளாகப் பகடை உருட்டித் தீர்மானிக்க வேண்டும். உயிர் பிழைக்கும் உருட்டலில் தோற்றால், ஆட்டம் தொடங்கும் முன்பே கேரக்டர் செத்துப்போவார். இன்னும் ஒரு தவணை பணியில் இருந்தால் திறமை கூடும், ஆனால் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். அந்தத் தவிப்பை அனுபவித்தவர்கள் இதை வெறும் முன்னேற்பாட்டு வேலை என்று சொல்லவே மாட்டார்கள்.

எங்களுக்கு இப்படிப் பேச்சு கேட்பது புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு அறை கேட்டுப் போனோம். மேசைமேல் பகடையைப் பார்த்ததும் “இங்கே சூதாட்டம் கூடாது” என்றார் அங்கிருந்த பெரியவர். விதிப் புத்தகத்தைக் காட்டினோம், அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் ஒவ்வோர் ஏப்ரலிலும் தமிழ்மொழி விழா வருகிறது. பேச்சுப் போட்டியும் கதை சொல்லும் போட்டியும் நல்லவைதான், நானே மேடை ஏறியவள். பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாங்களே உண்டாக்கிய ஆட்களாகத் தமிழில் பேசி விளையாட ஓர் இடம் கொடுங்கள் என்று முன்பே உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தில் அந்தப் பத்தி மட்டும் வெட்டப்பட்டு வந்தது. இடப் பற்றாக்குறை உங்களுக்கு இருக்கும், புரிகிறது. ஆனாலும் வலித்தது.

இப்போது கேட்பது சிறிய விஷயம். கட்டுரைக்குப் போட்டிருந்த படத்தில் இருப்பது பாம்பும் ஏணியும். எங்கள் விளையாட்டில் அடிக்கடி உருட்டுவது இருபது முகம் கொண்ட பகடை. அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் சரியான படத்தையும் சேர்த்துப் போடுங்கள். படம் வேண்டுமானால் என் பகடைகளை நானே எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகி