மர நிழலில் எதைப் படர விடலாம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மரத்தடியில் புல் வராத இடத்துக்கு வெடேலியா என்கிற மஞ்சள் பூப் படர்செடியை நடலாம், சீக்கிரம் படரும், பராமரிப்பே தேவையில்லை என்று உங்கள் வீட்டுத்தோட்டப் பகுதியில் போட்டிருந்தீர்கள். புல்லைப் பற்றிச் சொன்னது சரிதான். கொரியன் புல்லுக்கு வெயில் வேண்டும், மாமரத்தடியில் எவ்வளவு காசு கொட்டினாலும் சொட்டை விழும். ஆனால் வெடேலியாவா? பக்கத்தில் வேறு செடியே இல்லாத வெற்றிடம் என்றாலும் நான் யோசிப்பேன். கணுவுக்குக் கணு வேர் விடும், பெரணி, ஆந்தூரியம் எது இருந்தாலும் மேலே ஏறி மூடிவிடும், பிடுங்கி எறிந்த தண்டு ஓடைக்கரையில் கிடந்து அங்கேயும் பிழைத்துக்கொள்ளும். நடு அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இந்தச் செடி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 'மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள்' பட்டியலில் இருக்கிறது.

இதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி விற்கிற நர்சரிகளும் உண்டு. இலையைப் பாருங்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். வெடேலியா இலை அகலமாக, பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், பூவும் பெரியது.

நிழலில் தரையை மூட ஆசைப்படுகிறவர்கள் எவ்வளவு வேகமாகப் படரும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எவ்வளவு உயரம் போகும், வேர் எவ்வளவு ஆழம், பக்கத்துச் செடி எந்த மாதத்தில் முளைக்கும் என்று கேட்கலாம். வல்லாரையும் கணுவில் வேர் விட்டு ஓடுகிற செடிதான், ஆனால் உயரம் ஒரு சாணைத் தாண்டாது, வேரும் மேலாகவே இருக்கும். அதனால் வைகாசியில் நட்ட மஞ்சள் அதன் நடுவே குருத்தை நீட்டிக்கொண்டு சுலபமாக மேலே வந்துவிடும், தை மாதம் கிழங்கைத் தோண்டும்போது வல்லாரை கிழிந்தாலும் ஈரம் இருந்தால் அந்த இடைவெளி தானாக அடைபடும். ஈரம் முக்கியம், கோடையில் தண்ணீர் காட்டாவிட்டால் கருகிப்போகும்.

எனக்குப் பிடித்தது கச்சோலம், இஞ்சி இனத்துக் கிழங்குச் செடி. இரண்டு மூன்று வட்ட இலைகள் மண்ணோடு ஒட்டிப் படுத்திருக்கும், நடுவில் ஊதாப் பொட்டு வைத்த வெள்ளைப் பூ. மார்கழி வாக்கில் இலை காய்ந்து மண்ணுக்குள் ஒடுங்கிவிடும், அந்த மாதங்களில் தரை வெறுமையாகத் தெரியாமல் பக்கத்து வல்லாரை பார்த்துக்கொள்ளும். திப்பிலியும் நிழலில் நன்றாக வரும், ஆனால் அது ஆள் கொஞ்சம் முரடு, கறிவேப்பிலை, செம்பருத்தி போன்ற வளர்ந்த செடிகளின் காலடியில் விடலாம், இஞ்சிப் பாத்தியில் வேண்டாம். மணி பிளான்ட்டைத் தரையில் விடவே விடாதீர்கள், மரம் கிடைத்ததும் ஏறிவிடும், அப்புறம் ஒவ்வொரு இலையும் முறம் மாதிரி ஆகிவிடும்.

எதை நட்டாலும் பெரணி, சேம்பு மாதிரி முக்கியச் செடிகள் ஒரு மழைக்காலம் வேர் பிடித்த பிறகு படரும் செடியை விடுவது நல்லது. மாமரத்தின் தூரை ஒட்டி, வேர் பின்னிக் கிடக்கிற இருட்டில், எதுவுமே நட வேண்டாம். அங்கே சருகு கிடக்கட்டும். தினமும் கூட்டிப் பெருக்கி எரிக்கிறோமே, அந்தச் சருகுதான்.

அடுத்த முறை செடி பரிந்துரைக்கும்போது, அது பக்கத்துச் செடியை என்ன செய்யும் என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். வெடேலியாவைப் பற்றி ஒரு திருத்தமும் வெளியிட்டால் நல்லது, மழை தொடங்கியதும் பலர் நட்டுவிடுவார்கள்.

வாசகர்,
நாகர்கோவில்