குஞ்சாக வாங்கும் கெளுத்தி எவ்வளவு வளரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வண்ணமீன் கடைகளில் 3 அங்குலக் குஞ்சாக விற்கப்படும் 'ரெட் டெயில் கேட்ஃபிஷ்' என்னும் அமேசான் கெளுத்தி, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 50 கிலோவுக்கு மேல் எடையும் எட்டக்கூடியது என்பதை, என் மகனுக்கு அதை விற்ற கடையில் யாரும் சொல்லவில்லை. ஒரே இரவில் தொட்டியிலிருந்த இரண்டு தங்கமீன்களையும் விழுங்கிய அது, ஓராண்டுக்குள் ஒன்றரை அடியைத் தாண்டி, 3 அடித் தொட்டியில் உடலை வளைத்தே திரும்ப வேண்டிய நிலைக்கு வந்தது. கண்ணாடியில் உரசி உரசி அதன் நீண்ட மீசைகள் தேய்ந்துபோனதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. 'ஷார்க்' என்று விற்கப்படும் மீகாங் ஆற்றுக் கெளுத்தியும் இப்படித்தான் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும்.

வளர்க்க இயலாதவர்கள் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அது தீர்வாகாது. தொட்டியைச் சுத்தம் செய்யவென வாங்கப்பட்ட தென்னமெரிக்க 'சக்கர்' மீன்கள் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, கரைகளில் வளை தோண்டி, மீனவர்களின் வலைகளையும் கிழிக்கின்றன.

ஒவ்வொரு மீனும் முழு வளர்ச்சியில் எட்டும் அளவைக் கடைத் தொட்டியிலேயே எழுதி வைப்பதை மீன்வளத் துறை கட்டாயமாக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை